காலி நாற்காலி

2021 ஏப்ரல் 6-ஆம் தேதி நடந்த சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே அதிக வாக்குப் பதிவான தொகுதி பாலக்கோடு: 87.33 சதவீதம். கடைசியில் நின்றது சென்னை வில்லிவாக்கம், 55.52. எங்கள் காரிமங்கலம் இருப்பது தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோடு தொகுதியில்தான். மூன்று வருடம் கழித்து மக்களவைத் தேர்தலிலும் இதே கதை. தருமபுரி 81.20 சதவீதத்தோடு முதலிடம், மத்திய சென்னை 53.96-ஓடு கடைசி இடம். பின்தங்கிய மாவட்டம் என்று எங்களைச் சொல்லிச் சொல்லி அரசாங்கத்துக்குப் பழகிவிட்டது. ஓட்டுச்சாவடி வரிசையில் மட்டும் நாங்கள் யாருக்கும் பின்னால் நின்றதில்லை.

அந்த 87.33 பதிவான நாளில் காரிமங்கலம் பேரூராட்சிக்கு மன்றமே கிடையாது. தலைவர் இல்லை, வார்டு உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. நாலரை வருடமாக இல்லை.

இந்தியாவில் நடப்பது நல்ல மக்களாட்சியா என்ற கேள்விக்கு வெளிநாட்டிலிருந்து வருடா வருடம் மதிப்பெண் வருகிறது. ஸ்வீடன் நாட்டுக் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தின் வி-டெம் நிறுவனம் 2021-இல் நம்மைத் 'தேர்தல் நடத்தும் எதேச்சாதிகாரம்' என்ற வகையில் சேர்த்தது. எகனாமிஸ்ட் ஆய்வுப் பிரிவின் பட்டியலில் 2014-இல் 27-ஆம் இடத்தில் இருந்தோம், 2020-இல் 53. தில்லி கோபப்பட்டது, எதிர்க்கட்சிகள் எடுத்துக் காட்டின. இந்தச் சண்டையை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் அது பெரும்பாலும் தில்லியைச் சுற்றியே நடக்கிறது. சாக்கடை அடைத்துக்கொண்டால் யாரைக் கேட்பது என்ற இடத்திலிருந்தும் இதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்.

முதலில், இருக்கிற நல்லதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்து வாக்காளர் அலையில் அடித்துச் செல்லப்படுகிறவர் அல்ல. 2014-இல் அ.தி.மு.க. 39 மக்களவை இடங்களில் 37-ஐ அள்ளியது. அகப்படாத இரண்டில் ஒன்று தருமபுரி. 2021-இல் தி.மு.க. ஆட்சியைப் பிடித்தபோது இந்த மாவட்டத்தின் ஐந்து தொகுதிகளும் எதிர் அணிக்குப் போயின. பாலக்கோட்டில் கே.பி. அன்பழகன் 2001 முதல் 2021 வரை ஐந்து முறை தொடர்ந்து ஜெயித்தார். இடையில் ஆட்சி யார் யார் கைக்கோ மாறியது. 2019-இல் பாப்பிரெட்டிப்பட்டிப் பகுதிச் சாவடிகள் சிலவற்றில் முறைகேடு என்று புகார் எழுந்தபோது, மே 19-இல் மறுவாக்குப்பதிவு நடந்தது. புகார் எழுந்தது வெட்கம்தான். மறுபடி ஓட்டுப் போட வைத்தார்களே, அது சின்ன விஷயமில்லை.

இன்னொன்று, தண்ணீர். இந்த மண்ணில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். கறை படிந்த பற்களைப் பார்த்தே ஆள் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் தி.மு.க. ஆட்சியில் அடிக்கல் நாட்டினார்கள், 2013-இல் அ.தி.மு.க. ஆட்சியில் திறந்தார்கள். ஒருவர் தொடங்கியதை மற்றவர் கிடப்பில் போடும் வழக்கமுள்ள மாநிலத்தில், இந்தக் குழாய் மட்டும் ஆட்சி மாற்றத்தைத் தாண்டி வந்தது. கிடப்பில் போட்டால் இந்தத் தண்ணீருக்குக் காத்திருந்த இரண்டு மாவட்டத்து ஓட்டும் போய்விடும் என்ற பயம் வேலை செய்திருக்கும் என்பது என் ஊகம். அந்தப் பயம்தான் மக்களாட்சியில் உருப்படியான பகுதி.

இனி காலி நாற்காலிக்கு வருவோம். பழைய மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அதே மாதம் 17, 19 தேதிகளில் தேர்தல் நடக்க வேண்டும். பழங்குடியினர் இடஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்று தி.மு.க. தரப்பு வழக்குப் போட்டது. 4-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிக்கையை ரத்து செய்தது. வழக்கில் நியாயம் இருந்தது. பிழையைத் திருத்தி நாலு மாதத்தில் நடத்தியிருக்கலாம். வார்டு மறுவரையறை, மாவட்டப் பிரிப்பு, மேல்முறையீடு, கொரோனா என்று காரணங்கள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தன. எங்கள் மாவட்டத்துக் கிராம ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் விடிந்தது. பேரூராட்சிகள் 2022 பிப்ரவரி 19 வரை காத்திருந்தன. ஐந்து வருடத்துக்கு மேல். அதாவது, முழுசாக ஒரு பதவிக்காலம் காற்றில் போனது. நடுவில், அதே கொரோனாக் காலத்தில், சட்டமன்றத் தேர்தல் மட்டும் குறித்த நேரத்தில் முடிந்தது.

சட்டத்தில் இதற்கு இடமே இல்லை. பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தலை முடித்துவிட வேண்டும் என்று 1993-இல் நடைமுறைக்கு வந்த 73, 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தங்கள் சொல்கின்றன. அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. ஆனால் வார்டு வரையறையும் ஒதுக்கீடும் முடியாமல் மாநிலத் தேர்தல் ஆணையத்தால் அசைய முடியாது. அதற்குப் பணத்தையும் ஆட்களையும் மாநில அரசு கொடுத்தாக வேண்டும். தேர்தல் நடத்தும் நோக்கம் இல்லாத அரசாங்கத்துக்குத் தாமதிக்க வழி தேட வேண்டியதே இல்லை.

மன்றம் இல்லாத காலத்தில் அதன் அதிகாரம் தனி அலுவலருக்கு. பேரூராட்சியில் செயல் அலுவலர், கிராமத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.). இந்த அதிகாரிகளில் நல்லவர்கள் உண்டு, ராத்திரி பகல் பார்க்காமல் ஓடியவர்களும் உண்டு. கோளாறு ஆளிடம் இல்லை. தீர்மானம் கொண்டுவருகிறவரும் அவரே, அதை நிறைவேற்றுகிறவரும் அவரே. நாலு பேர் எதிரே உட்கார்ந்து "அந்தத் தெருவுக்கு ஏன், இந்தத் தெருவுக்கு ஏன் இல்லை" என்று கேட்கும் அந்தச் சத்தம் இல்லாமல் போய்விடுகிறது. கிராமத்திலாவது கிராமசபை என்று ஒன்று கூடும், பேரூராட்சிக்கு அந்தக் காலத்தில் அதுவும் இல்லை. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை என்ற காரணத்தால் மத்திய நிதிக்குழு மானியமும் தமிழ்நாட்டுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது.

அப்படியானால் 87 சதவீதம் ஓட்டுப் போடுகிற ஊர் இதற்காக ஏன் தெருவுக்கு வரவில்லை? மக்களுக்கு விவரம் போதாது என்று சொல்வது பட்டணத்து விடை. எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. விவரம் தெரிந்ததால்தான் வரவில்லை. சாலைக்கும் பட்டாவுக்கும் ஆஸ்பத்திரிப் படுக்கைக்கும் எம்.எல்.ஏ. ஆபீஸ் கடிதம்தான் செல்லும் என்று ஊருக்குத் தெரியும். எந்தக் குழாயில் தண்ணீர் வருகிறதோ அங்கேதான் குடத்தை வைப்பார்கள். அந்தப் பெரிய சதவீதம் மக்களாட்சி மீதுள்ள பக்தி மட்டுமல்ல, அதிகாரம் எங்கே குவிந்திருக்கிறது என்று காட்டும் அளவுகோலும்கூட.

பேரூராட்சித் தலைவரை யார் தேர்ந்தெடுப்பது என்பதுகூட நிலையாக இல்லை. 2006-இல் உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள், 2011-இல் மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டார்கள், 2022-இல் மறுபடியும் உறுப்பினர்கள். ஆளுங்கட்சிக்கு எது தோதோ அது. முதலமைச்சரைத் தேர்ந்தெடுக்கும் முறையை இப்படி மாற்றினால் நாடு சும்மா இருக்குமா?

மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊர்களை நாம் சரியாகவே நினைவில் வைத்திருக்கிறோம். தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதால் அங்கே 1996 முதல் பத்து வருடம் ஊராட்சி நடக்கவிடாமல் ஆதிக்க சாதியினர் முடக்கினார்கள். பத்திரிகைகள் எழுதின, கட்சிகள் போராடின, 2006-இல் முடிவு வந்தது. காரிமங்கலம் மாதிரி நூற்றுக்கணக்கான ஊர்களில் ஐந்து வருடம் அதே வெற்றிடம் இருந்தது. இங்கே அரிவாள் இல்லை, மிரட்டல் இல்லை. கோப்பு நகரவில்லை, அவ்வளவுதான். அதனால் அது செய்தியாகவும் இல்லை.

உள்ளாட்சிக்கு ஓட்டுக் கேட்டால் மக்கள் ஆர்வமாகத்தான் வருகிறார்கள். 2019 டிசம்பரில் காரிமங்கலம் ஒன்றியத்துக் கிராமங்களில் ஒருவருக்கு நாலு சீட்டு: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். ரப்பர் முத்திரை குத்தி, மை மறுபக்கம் ஒட்டாமல் மடித்து, பெட்டியில் போட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத கிழவி நாலு நிறத்தையும் விரலால் தள்ளித் தள்ளி, எது யாருக்கு என்று தனக்குள் முணுமுணுத்துப் பிரித்துக்கொள்வாள். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவன் ராத்திரி பஸ் பிடித்து வருவான். மாமன் மச்சான் ஓட்டுக்கணக்கில் இரண்டு ஓட்டு குறைந்தாலும் தெரிந்துவிடும். ஓட்டுக்குப் பணம், பெண் தலைவரின் நாற்காலியில் புருஷன் என்ற அசிங்கங்களும் உண்டு. ஆனால் தலைவர் தினமும் எதிர்ப்படுகிற ஆள். டீக்கடையில் அவர் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். அந்த வசதி கோட்டையில் இருப்பவரிடம் கிடையாது.

அந்தக் கிராம ஊராட்சி மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தது. தேர்தல் வரவில்லை, மறுபடியும் தனி அலுவலர்தான் வந்தார். இந்த முறை ஆட்சியில் இருந்தது, முன்பு தாமதத்தைக் கண்டித்த கட்சி.

ஊராட்சி அலுவலகச் சுவரில் தலைவர்களின் பெயர்ப் பலகை மாட்டியிருப்பார்கள். கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து, பெயருக்கு நேரே 'முதல் - வரை' என்று தேதிகள். ஒரு கிராமத்தில் அதை நின்று படித்தேன். 2016 அக்டோபரில் ஒரு வரி முடிகிறது, அடுத்த வரி 2020 ஜனவரியில் தொடங்குகிறது. இடையிலிருந்த மூன்று வருடத்துக்கு வரி ஏதும் இல்லை. கடைசி வரியில் 05.01.2025. அதற்குக் கீழே பெயின்டர் இன்னும் ஏழெட்டுப் பேருக்கு இடம் விட்டிருக்கிறார், கோடு போட்டு.