துடைக்கத் துடைக்கத் தேயும் கார்

சென்னை அடுக்ககங்களின் கார் நிறுத்துமிடத்தில் விடிகாலையிலேயே ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பனியன் துணியும் வேலையைத் தொடங்கிவிடும். நாலு வண்டி துடைத்து முடிப்பதற்குள் வாளியில் மிஞ்சுவது சேறுதான். அதில் முக்கிய அதே துணி ஐந்தாவது காரின் பானெட்டிலும் ஓடும். தினமும் துடைக்கிறார்கள் என்று உரிமையாளருக்குத் திருப்தி. அந்தக் காரை வெயிலில் நிறுத்தி, சூரியன் பட்டு மின்னும் புள்ளியை உற்றுப் பார்த்தால், அதைச் சுற்றிச் சிலந்திவலை பின்னியதுபோல் மெல்லிய கீறல்கள் தெரியும். கறுப்பு, அடர்நீல வண்டிகளில் அவை இன்னும் துல்லியம். கீறியது சாலையல்ல, துணியில் ஒட்டிய மணல்.

இந்தக் கீறல்களைப் போக்கத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வாசலில் பாலிஷ் டப்பாக்கள் திறக்கப்படுகின்றன. சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

இன்றைய காரில் தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்குகள் இருக்கின்றன. அத்தனையும் சேர்ந்தே ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான்தான். கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான் இருந்தால் அதிகம். பெரும்பாலோரின் தலைமுடி இதைவிடத் தடிமன். பளபளப்பு இருப்பதும் அதில்தான், வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மங்கள் இருப்பதும் அதில்தான். பாலிஷ் இந்த அடுக்கின்மேல் எதையும் சேர்ப்பதில்லை. கீறலின் ஆழம்வரை சுற்றுப்புறத்தையும் தேய்த்து எடுக்கிறது. கீறல் மறைவது அதனால்தான். வருடத்துக்கு நாலு தடவை ரப்பிங் காம்பவுண்ட் என்னும் தேய்ப்புப் பசையைப் போடுகிறவர், கார்மீதுள்ள ஆசையினாலேயே அதன் தோலை உரிக்கிறார்.

இவ்வளவு தாராளமாகத் தேய்க்கும் கை எங்கிருந்து வந்தது? பழைய அம்பாசடர் காலத்திலிருந்து. கிளியர் கோட் இல்லாத அந்த வண்டிகளில் நிறமே மேல்பூச்சு. வருடக்கணக்கில் வெயிலில் நின்ற வெள்ளை அம்பாசடரைத் தடவினால் கையில் சுண்ணாம்புபோலத் தூள் ஒட்டும். ரப்பிங் காம்பவுண்டை வைத்துத் தேய்த்தால் துணியில் வெள்ளை இறங்கும், அடியிலிருந்து புதுப் பளபளப்பு எட்டிப்பார்க்கும். அங்கே அது சரியான வைத்தியம். இன்றும் அப்படியொரு வண்டியை வைத்திருப்பவர் தாராளமாகச் செய்யலாம். உத்தர்பாரா ஆலையில் 2014-ல் அம்பாசடர் நின்றுபோனது. வைத்தியம் மட்டும் நிற்கவில்லை.

சமையலறை வைத்தியங்களிலும் பாதி பழுது. பாத்திரம் தேய்க்கும் சோப்பு, போட்டிருந்த வேக்ஸையும் சேர்த்தே கழுவிவிடும். மண்ணெண்ணெய் தார்க்கறையைக் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் பாடி முழுக்கத் துடைத்தால் வரும் மினுமினுப்பு வெறும் எண்ணெய்ப் படலம், சாயங்காலத்துக்குள் தூசியை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். மஞ்சளித்த முகப்பு விளக்கில் பற்பசை தேய்த்தால் தெளிவு வரும். அதைக் காக்கப் புதிய மேல்பூச்சு இல்லாததால் சில மாதங்களில் மஞ்சள் திரும்பிவிடும். நீர்த்த வினிகருக்கு மட்டும் பாஸ் மார்க் போடலாம்: போர் தண்ணீர் காய்ந்து விட்டுப்போன வெள்ளை வட்டங்களைப் புதிதிலேயே கரைக்கும். அடுத்த நிமிடமே நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும்.

இவ்வளவு குறை சொன்னாலும், கழுவும் வேலையில் வீட்டுக் கையை மிஞ்ச ஆளில்லை. வாட்டர் சர்வீஸ் கடையில் ஒரே ஸ்பாஞ்சு எல்லா வண்டிக்கும் போகும்; வீட்டில் அலச ஒரு வாளி, ஷாம்புக்கு ஒரு வாளி, சுத்தமான மைக்ரோஃபைபர் துணி என்று பொறுமையாகச் செய்யலாம். முதலில் தண்ணீரை ஊற்றி மணலை இறக்கிவிட்டு, நிழலில், மேலிருந்து கீழாகக் கழுவினால் புதுக் கீறல் வெகுவாகக் குறையும். காக்கை எச்சம் விழுந்த அன்றே பார்த்துத் துடைக்க முடிவதும் வீட்டுக்காரருக்கு மட்டுமே கிடைக்கும் வசதி. எச்சத்தின் அமிலம் வெயிலில் இளகிய கிளியர் கோட்டில் பதிந்துவிட்டால் பிறகு எந்த ஷாம்புக்கும் மசியாது. காய்ந்த எச்சத்தைச் சுரண்டக் கூடாது. ஈரத்துணியைப் போட்டுச் சற்று ஊறவிட்டால் தானே கழன்றுவரும்.

கீறலையும் வீட்டிலேயே எடுத்துத்தான் ஆக வேண்டுமா? நகத்தால் குறுக்கே வருடிப் பார்க்கலாம். நகம் தடுக்கினால் அது பாலிஷுக்கு அடங்காத கீறல், தேய்ப்பது வீண். தடுக்காவிட்டால், சுழன்றுகொண்டே அலையும் டூயல் ஆக்ஷன் மெஷினில் மென்மையான பாலிஷ் போடுவது பழகாத கைக்கும் ஓரளவு பாதுகாப்பு. ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் ரோட்டரி மெஷின் அப்படியல்ல. கதவு விளிம்பிலும் பானெட் மடிப்பிலும் பூச்சு மெல்லியது. அங்கே சற்று நேரம் நின்றாலே சூடேறி நிறமும் போய் பிரைமர் தெரிந்துவிடும். பிறகு பெயின்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை. சில்வர் போன்ற மெட்டாலிக் நிறமாக இருந்தால் பக்கத்துப் பேனலோடு ஷேடு சேர்ப்பது தேர்ந்த பெயின்டருக்கே சவால்.

எல்லாம் சரி, தண்ணீருக்கு எங்கே போவது? 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம், குடிநீரில் வாகனம் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற சென்னையில் இரண்டு வாளி முறையைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். தண்ணீர் மிச்சமென்று தூசிமேல் உலர்துணி போட்டால் பெயின்ட்டில் கீறல்தான் விழும். ஸ்ப்ரே அடித்துத் துடைக்கும் திரவங்கள் லேசான தூசிக்கு உதவும், மழைக்காலச் சேற்றுக்கு உதவாது. பஞ்ச காலத்தில் பெயின்ட்டுக்குப் பாதுகாப்பான வழி, எச்சத்தை மட்டும் எடுத்துவிட்டு வண்டியைத் தூசியோடே நிற்கவிடுவது. அடுக்ககத்தில் அதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.