ஒரே வீட்டு ஹெரால்டு

"பெயிண்ட் அடிச்சுட்டுக் குடுத்தா நல்ல வெலைக்குப் போகும்லண்ணே?" என்று கேட்டார் கீழக்குயில்குடி வீட்டுப் பேரன். தயவுசெய்து வேண்டாம் என்றேன்.

விற்பனைக்கு நிற்பது 1964ஆம் வருடத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நாகமலையைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு வைத்தியம் பார்க்கப் போய்வந்த தாத்தா ஷோரூமிலிருந்து எடுத்தது. அடுத்து மகன் ஓட்டினார், இப்போது பேரன். காமராஜர் போன செவர்லேயை எம்.டி.டி. 2727 என்று நம்பரைச் சொல்லியே ஞாபகம் வைத்திருக்கிறோம். இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு இது 'டாக்டரு காரு'.

இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ஃப் ஹெரால்டாக வந்த கார் இது. வடிவம் இத்தாலிக்காரர் மிக்கலாட்டியுடையது. 1961 முதல் சென்னையில் தயாரானது. பானெட்டைத் தூக்கினால் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கம் மொத்தமும் முன்னால் சாயும். டயர் மேல் உட்கார்ந்தே 948 சிசி இன்ஜினில் வேலை பார்க்கலாம். பிளாக்கில் குத்தியிருந்த எண்ணும் ஆர்.சி.யில் இருந்த எண்ணும் ஒன்றேதான். சேசிஸ் பக்கவாட்டுக் கைகளை ஸ்குரூடிரைவரால் தட்டிப் பார்த்ததில், இடது பின்பக்கம் மட்டும் துரு தின்றிருக்கிறது. அதை மறைக்காமல் வாங்குபவரிடம் காட்டிவிட வேண்டும்.

எனக்குப் பெரிதாகப் பட்டது தாத்தாவின் நோட்டுதான். ஹெரால்டின் முன்சக்கர டிரன்னியனுக்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, கியர் ஆயில்தான் விட வேண்டும். ஆயில் காய்ந்தால் மரை தேய்ந்து, ஒருநாள் சக்கரமே மடங்கிவிடும். எந்தத் தேதியில் ஆயில் விட்டார், எத்தனை மைலில் விட்டார் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். புது பெயிண்ட் எந்தப் பட்டறையிலும் கிடைக்கும், இந்த நோட்டு கிடைக்காது.

சமணர் மலை அடிவாரத்து ஆலமரங்களைத் தாண்டி நாகமலைப்புதுக்கோட்டை வரை ஓட்டினேன். சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் வண்டி; குறுகலான தெருவில் ஒரே வெட்டில் திருப்பியபோது மனசு நிறைந்துவிட்டது. வண்டி நின்ற பிறகுதான் ஃபர்ஸ்ட் கியர் விழும். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், அழுத்தித்தான் மிதிக்க வேண்டும். வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்சிலேட்டரை விட்டால் பின்சக்கரங்கள் உள்ளே மடிந்து வண்டி அலையும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டால் பயமில்லை.

பேப்பர் வேலை பாக்கி இருக்கிறது. ஆர்.சி. இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது. வாரிசுச் சான்றிதழ் வைத்துப் பெயர் மாற்றிய பிறகே விற்க முடியும். 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வருடம் தாண்டி, பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்கும் சொந்த உபயோக வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய நம்பரே நீடிக்கும். இந்த வீட்டுக்கு அது சின்ன விஷயமில்லை. பதிந்தபின் விற்றால் 90 நாளுக்குள் இரு தரப்பும் போக்குவரத்துத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்டத்துக்கு எடுக்க முடியாது. ஆபீசுக்கு ஓட்டிப் போக நினைப்பவருக்கு இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ராஜ்கோட் அரச குடும்பத்தின் 1934 ரோல்ஸ் ராய்ஸ், 'ஸ்டார் ஆஃப் இந்தியா', கைமாறிக் கடல் கடந்து போனது. 2010இல் அந்தக் குடும்பத்து வாரிசே ஏலத்தில் அதைத் திரும்ப வாங்கினார். அதை மனதில் வைத்துத்தான் பேரனிடம் ஒன்று சொன்னேன். விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: வாங்குபவர் மறுபடி விற்கும் நாள் வந்தால், முதலில் இந்த வீட்டில்தான் கேட்க வேண்டும்.