குல்மார்க், ஆலி, சோலங்: எந்தச் சரிவு யாருக்கு?

2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து கலந்துகொண்டவர் ஒரே ஒருவர்: ஆரிஃப் கான். காஷ்மீரில் தங்மார்க் அருகே உள்ள ஹாஜிபல் கிராமத்துக்காரர். குல்மார்க் அவர் ஊருக்கு மேலே இருக்கும் மலை. அப்பா அங்கே பனிச்சறுக்குக் கருவிகள் கடை நடத்தியவர். நான்கு வயதிலேயே காலில் பலகை கட்டியவருக்கு ஒலிம்பிக்கில், கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலம் பிரிவுக்கான இடம் உறுதியானது எங்கே தெரியுமா? துபாயில், ஒரு வணிக வளாகத்துக்குள் குளிரூட்டி வைத்திருக்கும் பனிக்கூடத்தில். அந்தக் கூடத்தின் மிக நீளமான சரிவே 400 மீட்டர்தான். உச்சிக்கும் அடிக்கும் உயர வித்தியாசம் சுமார் 60 மீட்டர். குல்மார்கிலோ அபர்வத் மலையில் கேபிள் கார் விடும் இடத்திலிருந்து ஊர் வரை 1,300 மீட்டர் உயரம் சறுக்கி இறங்கலாம்.

இந்தியாவின் சறுக்குத்தளங்களில் எது சிறந்தது என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு 60, 1,300 என்ற இந்த இரண்டு எண்களும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. பேச்சு பெரும்பாலும் உயரத்திலும் பனியின் ஆழத்திலுமே நின்றுவிடுகிறது. ஒரு நாளைக்கு எத்தனை முறை ஏறி இறங்க முடிகிறது என்று யாரும் கேட்பதில்லை. பனிச்சறுக்கு இறங்கும் விளையாட்டுதான். ஆனால் மேலே ஏற்றிவிட ஒரு லிஃப்ட் இல்லாவிட்டால் இறக்கம் எங்கிருந்து வரும்?

குல்மார்கிலிருந்தே தொடங்குவோம். அழகில் அதற்கு ஈடில்லை என்று தயங்காமல் சொல்வேன். பீர் பஞ்சால் மலைத்தொடரில் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் அகன்ற புல்வெளி. சுற்றிலும் ஊசியிலைக் காடு. கேபிள் காரின் முதல் கட்டம் கொங்தூரி வரை, 1998-இல் திறந்தது. இரண்டாம் கட்டம் 2005-இல் வந்தது. அது அபர்வத்தின் தோள் வரை, ஏறத்தாழ 3,950 மீட்டருக்குக் கொண்டுபோய் விடுகிறது. உலகிலேயே இவ்வளவு உயரத்துக்குப் போகும் கேபிள் கார்கள் மிகச் சில. கொங்தூரியைத் தாண்டியதும் மரங்கள் முடிந்துவிடும். மேலே பெட்டிக் கதவு திறந்தால் முகத்தில் அறைவது காற்று. கீழே கிண்ணம் கிண்ணமாகக் குழிந்து கிடக்கின்றன, யாரும் சீராக்காத வெள்ளைச் சரிவுகள்.

அங்குள்ள பனிதான் குல்மார்கின் சொத்து. மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து கிளம்பி ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வரும் குளிர்கால மேகங்களை பீர் பஞ்சால் மறித்து நிறுத்துகிறது. ஒரு நல்ல பொழிவில் இரண்டே நாளில் இடுப்பளவு குவிந்துவிடும். அந்த உயரத்துக் குளிரில் ஈரம் வற்றி விழும் பனியைக் கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டையாகாது. மாவு மாதிரி விரலிடுக்கில் உதிரும். சறுக்குபவர்கள் பவுடர் என்று சொல்லி உருகுவது இதற்குத்தான். ஆல்ப்ஸ் மலையைவிட நாம் பன்னிரண்டு பாகை தெற்கே இருக்கிறோம், வெயில் கடுமை. அதனால் வடக்கும் வடகிழக்கும் பார்த்த சரிவுகளில்தான் பவுடர் நாள்கணக்கில் தங்கும். ஊரைப் பார்த்திருக்கும் அபர்வத்தின் முகம் அப்படிப்பட்டது. இயற்கை கொடுத்த வரம் அது.

காடு வழியாக இறங்குவது இன்னொரு சுகம். மரங்களுக்கு நடுவே நெளிந்து பாபா ரேஷி தர்கா வரை சறுக்கிப் போய், அங்கிருந்து ஜீப் பிடித்து மறுபடி ஊருக்கு ஏறிவருவார்கள். ஐரோப்பிய சறுக்குத்தளங்களில் கோடி கோடியாகக் கொட்டினாலும் கிடைக்காத இறக்கம் இது.

ஆனால் அந்த மலை யாரையும் மன்னிக்காது. 2023 பிப்ரவரியில் அபர்வத்தில் பனி சரிந்து போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு அதே மாதம் ரஷ்யர் ஒருவர். பெரும்பொழிவுக்குப் பிறகு ரோந்துக் குழு மேலே போய்ப் பனியடுக்கைச் சோதித்து, தேவைப்பட்டால் வெடிவைத்துச் சரித்துவிட்ட பிறகுதான் இரண்டாம் கட்டம் திறக்கும். அதுவரை சில நாள் காத்திருக்க வேண்டிவரலாம். காத்திருக்கச் சலிப்பவர்கள் அந்த மலைக்குப் போகவே கூடாது. புதையுண்டவரின் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி, மண்வெட்டி, நீளக்குச்சி மூன்றும் முதுகுப் பையில் இல்லாமல், பாதுகாப்பான பகுதியைக் குறிக்கும் எல்லைக்கயிற்றைத் தாண்டுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. கூட வருகிறவர் புதைந்தால் தேடி எடுக்க அவர்கள் கையில் ஒன்றும் இருக்காது.

இனி பந்தயத்துக்கு வருவோம். உலகம் கொண்டாடும் இந்தப் பவுடர், பந்தய வீரருக்கு எதிரி. ஸ்லாலம் ஓடும் சரிவில் பனி இறுகிக் கெட்டித்துக் கிடக்க வேண்டும். பெரிய போட்டிகளில் தண்ணீர் பாய்ச்சியே உறைய வைப்பார்கள். முதலில் இறங்குபவருக்கும் அறுபதாவதாக இறங்குபவருக்கும் ஒரே தரை கிடைக்க வேண்டும் என்பதற்காக. மெத்தென்ற பனியில் வளர்ந்தவரைத் திடீரென்று அந்த இறுகல் தரையில் பலகையின் இரும்பு விளிம்பை ஊன்றித் திரும்பச் சொன்னால் வழுக்கித்தான் விழுவார். கம்பத்துக்குக் கம்பம் திரும்பும் அந்த அசைவு உடம்பில் ஊற ஆயிரக்கணக்கான முறை செய்ய வேண்டும். அதற்கு வேண்டியது 3,950 மீட்டர் அல்ல. கெட்டிப்படுத்திய குட்டைச் சரிவு ஒன்று, ஓயாமல் ஓடும் லிஃப்ட் ஒன்று. துபாய்க் கூடத்தில் இருப்பது அவ்வளவுதான்.

தகுதிப் புள்ளிக் கணக்கும் இதே பக்கம்தான் தள்ளுகிறது. சர்வதேசப் பனிச்சறுக்கு சம்மேளனத்தின் முறையில் புள்ளி குறையக் குறைய வீரர் உயர்ந்தவர். ஒரு பந்தயத்தில் ஓடுபவர்களின் தரம் எவ்வளவு என்று பார்த்து அந்தப் பந்தயத்துக்கே ஒரு சுமை சேர்ப்பார்கள். பலவீனமான கூட்டத்தில் முதலாவதாக வந்தாலும் புள்ளி பெரிதாகக் குறையாது. ஆகவே நம் வீரர்கள் வெளிநாடு போயே தீர வேண்டும். ஆரிஃப் கானுக்கு, கம்பங்கள் இன்னும் விலகி நிற்கும் ஜயன்ட் ஸ்லாலம் பிரிவில் இடம் மாண்டினீக்ரோவில் கிடைத்தது. பெய்ஜிங்கில் கொட்டும் பனியில் ஏறக்குறைய பாதிப் பேர் முடிக்காமல் வெளியேறிய அந்தப் பந்தயத்தில் அவர் இரண்டு சுற்றையும் முடித்து 45-ஆவதாக வந்தார். அந்த 45-ஐ நான் சிறிய எண்ணாக நினைக்கவில்லை.

பந்தயத்துக்கென்றே பார்த்துப் பார்த்து அமைத்த தளம் ஆலி. உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில், ஜோஷிமட்டுக்கு மேலே. சுமார் 1,300 மீட்டர் நீளச் சரிவு, சர்வதேசச் சம்மேளனத்தின் ஒப்புதல் பெற்றது. வலமும் இடமும் ஓக், தேவதாரு. எதிரே 7,816 மீட்டர் நந்தாதேவி. கம்பங்களுக்கு நடுவே பார்வையைத் தரையில் வைத்திருப்பதே அங்கே கடினம். இமயம் அப்படி இழுக்கும். 2011 ஜனவரியில் முதல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளின் பனிப் போட்டிகள் இங்கேதான் நடந்தன. பனி குறைந்தால் ஈடுகட்ட மேலேயே ஒரு செயற்கை ஏரி, பனி பீய்ச்சும் இயந்திரங்கள் என்று எல்லாம் யோசித்தே செய்தார்கள். இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் மலையேற்ற, பனிச்சறுக்குப் பயிற்சி நிலையமும் அங்கேயே இருக்கிறது. சரிவின் வடிவத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொன்னால் நான் ஆலிக்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

சரிவு மட்டும் போதாது என்று 2023 காட்டியது. ஜனவரியில் ஜோஷிமட் நகரம் மண்ணில் இறங்கத் தொடங்கியது. நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல். குடும்பங்கள் குளிரில் முகாம்களுக்குப் போயின. நகரையும் ஆலியையும் இணைக்கும் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் ரோப்வே நிறுத்தப்பட்டது. பிப்ரவரியில் ஆலியில் நடக்கவிருந்த தேசியப் போட்டியும் பனி இல்லாமல் ரத்தானது. பனி பீய்ச்சும் இயந்திரத்துக்கும் போதிய குளிர் வேண்டும். அதோடு அதை ஆண்டு முழுக்கப் பராமரிக்க ஆளும் பணமும் வேண்டும். ஜோஷிமட் நமக்கு அந்நிய ஊர் அல்ல. திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி இதுதான் என்று கொள்ளும் வழக்கம் உண்டு. பத்ரிநாத் போகும் தமிழ் யாத்ரீகர்கள் இங்கே தங்கிப் போகிறார்கள். அந்த ஊர் நிலைத்து நிற்காமல் மேலே உள்ள சரிவுக்கு எதிர்காலம் பேசுவது நியாயமாகாது. ஆலியில் இனி எதைக் கட்டுவதானாலும் முதலில் கீழே இருக்கும் மண் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

சோலங் இந்த இரண்டோடும் ஒப்பிட்டால் எளிய இடம். மணாலியிலிருந்து சுமார் 14 கிலோமீட்டர். சரிவு குட்டை, உயரமும் சுமார் 2,500 மீட்டர்தான். பனி தாமதமாக வந்து சீக்கிரம் போய்விடும். சீசனில் குதிரை, ஸ்கூட்டர், ரப்பர் வளையம் என்று சுற்றுலாக் கூட்டம் சரிவை அடைத்துக்கொள்ளும். படம் எடுக்கப் போகிறவர் ஏமாந்து திரும்புவார். ஆனாலும் சரிவில் இறங்கும் ஆல்பைன் வகைப் பனிச்சறுக்கின் இந்திய வரலாற்றில் இந்தப் பள்ளத்தாக்குக்குப் பெரிய பங்குண்டு. சோலங் அருகே உள்ள புருவா கிராமத்து ஆஞ்சல் தாக்கூர் 2018 ஜனவரியில் துருக்கியின் எர்சுரூமில் ஸ்லாலம் வெண்கலம் வாங்கினார். பனிச்சறுக்கில் இந்தியாவின் முதல் சர்வதேசப் பதக்கம் என்று அது கொண்டாடப்பட்டது. அவருடைய அண்ணன் ஹிமான்ஷு 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ஓடியவர். அதற்கும் முன்னால் 2006 டூரினில் ஹீரா லால். மணாலி பக்கத்து வசிஷ்ட் கிராமத்தைச் சேர்ந்த சிவ கேசவன் விளையாடியது வேறு, லூஜ் என்ற பனித்தடப் பந்தயம். ஆனால் ஆறு ஒலிம்பிக் கண்ட அவரும் மலைச்சாலைகளில் சக்கரம் பூட்டிய வண்டியில் படுத்துப் பயிற்சி எடுத்த இந்த மண்ணின் பிள்ளை.

இவ்வளவு எளிய சரிவிலிருந்து இத்தனை பேர் வந்தது எப்படி? சரிவு வீட்டு வாசலில் இருக்கிறது என்பதுதான் என் விடை. பள்ளி விட்டதும் ஓடிப்போய்ப் பலகை கட்டலாம். லிஃப்ட் இல்லாத நாளில் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து ஏறலாம். மணாலியில் உள்ள அடல் பிஹாரி வாஜ்பாயி மலையேற்ற நிறுவனம் சோலங்கில் நடத்தும் பயிற்சிகள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆசான்களைக் கொடுத்தன. பயின்றவர்களே அடுத்த தலைமுறைக்கு ஆசான்களாகவும் ஆனார்கள். உயரமும் ஆழமும் குறைந்த இடத்தில் ஏறி இறங்கும் எண்ணிக்கை கைகொடுத்திருக்கிறது. இங்கே ஊர்ப் பிள்ளைகளுக்கென்று இலவச இழுவை லிஃப்ட் ஒன்றைப் போட்டு, சரிவின் ஒரு ஓரத்தைச் சுற்றுலாவிலிருந்து பிரித்து வேலி கட்டினால், பெரிய கேபிள் கார்த் திட்டங்களால் வராத பலன் வரும் என்று உறுதியாக நம்புகிறேன்.

சிம்லாவுக்கு அப்பால் நார்கண்டாவும் உண்டு. ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே சிறிய சரிவு. குழந்தைகளோடு போய் முதல் முறை விழுந்து எழ நல்ல இடம். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

மூன்று தளங்களையும் இன்று சேர்த்து அச்சுறுத்துவது பனியின்மை. 2024 ஜனவரியில், காஷ்மீரிகள் சில்லா-இ-கலான் என்று சொல்லும் கொடுங்குளிர்க்கால நாற்பது நாளின் நடுவிலேயே, குல்மார்க் புல்வெளி பழுப்பாகக் கிடந்தது. 2025-இல் அங்கே நடக்கவிருந்த கேலோ இந்தியா என்ற தேசியப் பனிப் போட்டிகள் பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. உயரம் இருப்பதால் குல்மார்க் கொஞ்சம் தாமதித்தாவது போட்டியை நடத்தியது. ஆலிக்கும் சோலங்குக்கும் அந்த வசதி இல்லை. உயரத்தின் உண்மையான மதிப்பு இங்கேதான் தெரிகிறது. இனி வரும் ஆண்டுகளில் தேசியப் பந்தயச் சரிவு ஒன்று வேண்டுமென்றால் அதை கொங்தூரிக்குப் பக்கத்தில், மூவாயிரம் மீட்டருக்கு மேல், கெட்டிப்படுத்தும் இயந்திரத்தோடு அமைப்பதே புத்திசாலித்தனம்.

முதல் முறை போகும் வாசகருக்கு என் பரிந்துரை: பிப்ரவரியில் குல்மார்க். அங்கே இயங்கும் இந்தியப் பனிச்சறுக்கு, மலையேற்ற நிறுவனத்தின் பயிற்சியில் சேருங்கள். புல்வெளி ஓரத்துச் சிறு சரிவில் நிற்கவும் திரும்பவும் பழகிய பிறகு கொங்தூரியைப் பாருங்கள். அபர்வத்தை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் புல்வெளியில் இன்னொரு பந்தயமும் நடக்கிறது; நம் கவனம் அதன் பக்கம் போக வேண்டும். கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்குக்குக் கேபிள் கார் வேண்டாம், செங்குத்துச் சரிவும் வேண்டாம். மேடு பள்ளமான தரையும், நெடுந்தூரம் தாங்கும் நுரையீரலும் போதும். கர்நாடகத்தின் குடகைச் சேர்ந்த பவானி தெக்கடா நஞ்சுண்டா, பனியே விழாத ஊரில் பிறந்து, கேலோ இந்தியாவில் இந்தப் பிரிவில் தங்கம் வென்றிருக்கிறார். ஐயாயிரம், பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்தில் மாவட்ட அளவில் ஜெயிக்கும் பிள்ளைகள் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களில் சிலரைக் குளிர்காலம் ஒன்றுக்குக் குல்மார்க் அனுப்பிப் பார்க்க ஆகும் செலவு, விளையாட்டுத் துறைக்குப் பெரிய தொகை அல்ல.