செலவில்லாத கேள்வி முதலில்

ஊர்ப் பெயர்கள் கொண்ட இரண்டு ஸ்ட்ரிங் அரேக்கள். இரண்டிலும் மதுரை, தேனி, கோவை, வரிசையும் அதே. ஜாவாவில் இவற்றுக்கு நடுவே இரட்டைச் சமக்குறி போட்டால் ‘இல்லை’ என்று பதில் வரும். இரண்டும் நினைவகத்தில் ஒரே பொருளா என்றுதான் அது பார்க்கிறது. சரி, அரேயின் மேலேயே ஈக்வல்ஸைக் கூப்பிட்டால்? அதே பதில்தான். ஸ்ட்ரிங்குக்கு உள்ளே எட்டிப் பார்க்கத் தெரிந்த ஈக்வல்ஸ், அரே என்றதும் கையை விரித்துவிடுகிறது. இதை அழகு என்று என்னால் சொல்ல முடியாது.

அழகு, 1998இல் ஜாவா 1.2உடன் வந்த அரேஸ்.ஈக்வல்ஸில் இருக்கிறது. மூலநிரலைத் திறந்து பாருங்கள், பத்துப் பன்னிரண்டு வரி தேறும். இரண்டும் ஒரே பொருளா? ஆம் என்றால் வேலை முடிந்தது. ஏதாவது ஒன்று ‘நல்’ ஆக இருக்கிறதா? நீளம் ஒன்றுதானா? இவ்வளவையும் தாண்டிய பிறகே உறுப்புகள் பக்கம் போகிறது. முதல் வேறுபாடு கண்ணில் பட்டதும் நின்றுவிடுகிறது. கேள்விகளை அடுக்கிய வரிசையில்தான் கைத்திறன் தெரிகிறது.

ஸ்ட்ரிங்கின் ஈக்வல்ஸுக்கும் அதே குணம். நிரலில் நேரடியாக எழுதிய ‘மதுரை’ எத்தனை இடத்தில் வந்தாலும் ஜாவா ஒரே பிரதியைத்தான் வைத்திருக்கும். அதனால் முதல் கேள்வியிலேயே பல சமயம் விஷயம் தீர்ந்துவிடும். 2017இல் வந்த ஜாவா 9 இன்னும் ஒரு படி மேலே போனது. லத்தீன் எழுத்து மட்டுமே உள்ள ஸ்ட்ரிங்கை எழுத்துக்கு ஒரு பைட்டாகவும், தமிழை யூனிகோடு குறிக்கு இரண்டு பைட்டாகவும் வைக்கிறது. ஆங்கில எழுத்தில் ஒரு மதுரை, தமிழில் ஒரு மதுரை என்றால், வகை வேறு என்று தெரிந்ததுமே ஓர் எழுத்தைக்கூடப் படிக்காமல் ‘இல்லை’ என்றுவிடும்.

அரேக்குள் அரே இருந்தால் அரேஸ்.டீப்ஈக்வல்ஸைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

இத்தனை நுணுக்கமும் தமிழில் ஓரிடத்தில் இடறும். ‘கோ’வில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், இரட்டைச் சுழிக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் கோவைதான். ஜாவா எண்ணும்போது ஒன்றின் நீளம் 4, மற்றதன் நீளம் 5. அதனால் ‘இல்லை’ என்று சொல்லும் ஈக்வல்ஸைக் குறை சொல்வதற்கில்லை. ஜாவா 6 முதல் நார்மலைசர் இருக்கிறது. அதன் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் இரண்டு கோவையும் ஒன்றாகிவிடும். தமிழ்ப் பெயர்ப் பட்டியலோடு வேலை செய்பவர்கள், தரவு உள்ளே நுழையும் இடத்திலேயே இதைச் செய்துவிடுங்கள். ஒவ்வொரு ஒப்பீட்டின்போதும் செய்தால், அரேஸ்.ஈக்வல்ஸ் மிச்சம்பிடித்த நேரமெல்லாம் அதிலேயே போய்விடும்.