உண்டியலில் போன எதிர்ப்பு

2022 ஏப்ரலில் அரசுக்கு எதிராகக் கொழும்பு காலிமுகத்திடலில் போராட்டக் கூடாரங்கள் எழுந்த நாட்களில், லண்டனிலும் மெல்பேர்ணிலும் இலங்கையர்கள் பதாகைகளோடு நின்றார்கள். லொஸ் ஏஞ்சலிஸில் அன்றைய ஜனாதிபதியின் மகன் வீட்டு வாசல்வரை போனார்கள். கூடவே இன்னோர் அழைப்பும் பரவியது: வங்கி வழியாக வீட்டுக்குப் பணம் அனுப்பாதீர்கள். பதாகையை விட இந்த இரண்டாவது ஆயுதமே அரசைச் சாய்த்தது என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. மலையகத் தோட்டங்கள் சூழ்ந்த ஹட்டனிலும் தலவாக்கலையிலும் இருந்து பார்த்தால் அதை அப்படியே ஏற்க முடியவில்லை. வெளியே இருந்து நடத்தும் அறப்போராட்டத்தை எடைபோடும்போது, அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் கேட்டாக வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். வெளிநாடுகளில் உழைப்பவர்கள் வங்கி வழியாக அனுப்பிய பணம் 2020இல் 7.1 பில்லியன் டொலர். 2021இல் அது 5.5 பில்லியனாகவும் 2022இல் 3.8 பில்லியனாகவும் இறங்கியது. சரிவு தொடங்கியது 2021இல், மக்கள் வீதிக்கு வருவதற்கு முன்பே. அப்போது மத்திய வங்கி டொலரை 203 ரூபாய்க்குள் பிடித்து வைத்திருந்தது. வங்கிக்கு வெளியே பணம் கைமாற்றும் உண்டியல்காரர் அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தார். டொலருக்குப் பத்து ரூபாய் மேலதிகமாகத் தருவதாக 2021 டிசம்பரில் அறிவித்தும் பணம் வங்கிக்குத் திரும்பவில்லை. ரூபாயைச் சந்தையின் போக்கில் விட்டபின், 2023இல் அது மீண்டும் ஆறு பில்லியனை நெருங்கியது. அப்போது ஜனாதிபதியாக இருந்த ரணிலையும் போராட்டக்காரர்கள் ஏற்றுக்கொண்டிருக்கவில்லை. ஆகவே சரிவின் பெரும்பகுதியை நாணய மாற்று விகிதத்தின் கணக்கில்தான் எழுத வேண்டும். எதிர்ப்பின் பங்கு அதற்குள் ஒரு சிறு பகுதி. ஆனாலும் அந்த அழைப்பில் ஒரு நுட்பம் இருந்ததை மறுக்க மாட்டேன். உண்டியலில் போட்ட பணம் தாயின் கைக்கு வந்து சேர்ந்தது. திறைசேரிக்குத்தான் டொலர் போகவில்லை. வீட்டைப் பட்டினி போடாமல் அரசைத் தண்டிக்கும் வழி என்று அதை எண்ணியவர்களின் மனம் புரிகிறது.

அந்த எண்ணம் தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்து அடுப்படியில் உடைந்துபோகிறது. திறைசேரிக்கு வராத டொலர், கப்பலில் இருந்து இறங்காத எரிபொருளாகவும் ஆஸ்பத்திரியில் இல்லாத மருந்தாகவும் மாறியது. தோட்டத்தில் காலைச் சாப்பாடு கோதுமை மா ரொட்டி. அந்தக் கோதுமை முழுவதும் கப்பலில் வருவது. மாவின் விலை ஏறும்போது, வெளிநாட்டில் ஆள் உள்ள வீடு உண்டியல் பணத்தில் சமாளித்துக்கொண்டது. ஆள் இல்லாத பக்கத்துக் காம்பரா எதைக் கொண்டு சமாளிக்கும்? மலையகத்துக்கு இது இரண்டாவது அடி. 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்ததால் கொழுந்து குறைந்து, தேயிலை உற்பத்தி 2021இன் 299 மில்லியன் கிலோவில் இருந்து 2022இல் ஏறத்தாழ 250 மில்லியனுக்கு விழுந்தது. நிர்ணயித்த கிலோ கூடையில் சேராவிட்டால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான். அந்தக் குற்றம் முழுக்க அரசினுடையது, சந்தேகமில்லை. ஆனால் அரசு அடித்த இடத்திலேயே எதிர்ப்பின் அடியும் விழலாம் என்பதை அழைப்பு விடுத்தவர்கள் பேசியதாகத் தெரியவில்லை.

வேறு என்னதான் செய்வது, வெளிநாட்டில் இருக்கும் இலங்கையருக்கு வாக்கே இல்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வாக்கு மறுக்கப்பட்டவருக்கு வீதியும் பணமும்தான் மிச்சம். ஆனால் வீதியும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. 2009இல் லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் தமிழர்களால் ஏப்ரல் 6 முதல் 73 நாட்கள் நிற்க முடிந்தது. போரை நிறுத்த முடியவில்லை என்றாலும் அவர்கள் குரல் உலகின் காதில் விழுந்தது. நுவரெலியா மாவட்டத்திலிருந்து சவூதிக்கோ குவைத்துக்கோ வீட்டுவேலைக்குப் போன பெண்ணுக்கு அப்படியொரு சதுக்கம் கிடையாது. அவளுடைய விசா எஜமானின் கையில். கூட்டம் கூடினால் வேலையும் போகும், சிறையும் வரலாம். எனவே வெளிநாட்டுப் போராட்டத்தின் ஒலிபெருக்கி நிரந்தர வதிவிடம் பெற்றவர்களிடம் போய்ச் சேர்ந்தது. நாட்டுக்கு டொலர் கொண்டுவரும் பெண்ணின் சம்பளமும், லயமும், காணி உரிமையும் அந்த மேடைகளில் ஓரத்திலேயே நின்றன. எனக்கு இதுதான் பெரிய குறையாகப் படுகிறது.

அடிக்கும் இடத்தை அறிந்து நடத்திய போராட்டத்தை மலையகம் தன் அனுபவத்திலேயே கண்டிருக்கிறது. 1986 தைப்பொங்கலன்று தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் அழைப்பில் தோட்டங்களில் தொடங்கிய பிரார்த்தனைப் போராட்டத்தில், தொழிலாளர்கள் காலையில் வேலைக்குப் போகாமல் வழிபட உட்கார்ந்தார்கள். அங்கேயும் நிறுத்தப்பட்டது டொலர்தான், தேயிலை வடிவில். ஆனால் இழந்த நாட்கூலி அவர்களுடையது. கோரிக்கையும் அவர்களுடையது, நாடற்றவர்களுக்குக் குடியுரிமை. சில நாட்களிலேயே அரசு இறங்கிவர, அந்த ஆண்டே அதற்கான சட்டமும் வந்தது. அன்று இந்தியாவின் அழுத்தமும் வடக்கில் நடந்த போரும் அரசை நெருக்கின என்பார்கள், உண்மைதான். அந்த நெருக்கடியைத் தங்கள் கோரிக்கைக்குப் பயன்படுத்திக்கொள்ளத் தோட்டங்களில் அமைப்பு இருந்தது. 2022இல் வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு இல்லாமற்போனது அதுதான். ஜனாதிபதி ஓடினார்; அனுப்புகிறவர்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்ற ஒற்றைக் கோரிக்கையைக்கூட டொலரோடு கட்டி வைக்க ஆளில்லை. 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்க விரும்பிய வீட்டுவேலைப் பெண், எஜமானிடம் விடுப்புக் கேட்டு, விமானச் சீட்டு எடுத்து, தோட்டத்துப் பள்ளிக்கூடம்வரை வந்தாக வேண்டியிருந்தது.