கரிசல் மண்ணில் ஒரு பனிக்கலப்பை

தண்டவாளத்தில் ஓடும் வண்டிகளிலேயே அழகானது எது என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் பனிக்கலப்பை என்பேன். சித்திரையில் தார்ச்சாலை இளகும் கரிவலம்வந்தநல்லூரில் உட்கார்ந்துகொண்டுதான் இதைச் சொல்கிறேன். சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள பஞ்சபூதத் தலங்களில் நெருப்புக்கு உரியது எங்கள் ஊர்ப் பால்வண்ணநாதர் கோயில். இங்கே பனி என்றால் மார்கழி விடியலில் வரப்புப் புல்லில் நிற்கும் ஈரம். ஆளுயரம் குவிந்து ரயிலையே மறிக்கும் வெண்பனியை எங்களில் பெரும்பாலோர் சினிமாவில்தான் பார்த்திருக்கிறோம். அந்தப் பனியைப் பிளந்துகொண்டு போகும் வண்டியை, பாகம் பாகமாக, என் கையாலேயே கட்டி முடித்திருக்கிறேன். அந்தச் சந்தோஷத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அமெரிக்காவிலிருந்து வந்த மச்சான் துணிமணிகளுக்கு நடுவே பத்திரமாக வைத்துக் கொண்டுவந்த பெட்டி அது. வால்தர்ஸ் நிறுவனம் வெளியிட்ட ரஸ்ஸல் பனிக்கலப்பை கிட். எச்ஓ அளவு, அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. நிஜத்தில் ஓரடி இருப்பது இதில் மூன்றரை மில்லிமீட்டர். ஐந்தரை அடி ஆள் இரண்டு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவாகிவிடுவார். தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மில்லிமீட்டர். பெட்டியைத் திறந்தால் பிளாஸ்டிக் சட்டங்களில் காய்த்துத் தொங்குவதுபோல வரிசையாகப் பாகங்கள்: முன்னலகு, பக்கச் சுவர்கள், கூரை, மேலே உட்காரும் சிறு கூண்டு, சக்கரங்களைத் தாங்கும் போகிகள், மயிரிழைக் கைப்பிடிகள். ஒரு வண்டி முழுவதும் ஒரு பெட்டிக்குள் கட்டவிழ்ந்து கிடக்கிறது. இனி அது எழுந்து நிற்பது நம் கையில்.

நிஜ வண்டிகளைக் கட்டியது பென்சில்வேனியா மாநிலத்தின் ரிட்ஜ்வே நகரத்தில் இருந்த ரஸ்ஸல் நிறுவனம். வட அமெரிக்க ரயில்பாதைகள் பலவற்றில் இந்த வண்டிகள் ஓடின. இதற்குள் எஞ்சின் கிடையாது. நம் ஊர்க் கலப்பையை மாடு முன்னால் நின்று இழுக்கும். இதை எஞ்சின் பின்னால் நின்று தள்ளும். பனி கனமாக இருந்தால் இரண்டு, மூன்று எஞ்சின்களைக் கோத்துத் தள்ளுவார்கள். கீழ்விளிம்பு தண்டவாளத்தை ஒட்டிப் பனிக்கு அடியில் நுழையும். சரிந்து ஏறும் தகடு பனியை மேலே தூக்கும். நடுவில் உள்ள கூர்முகடு அதை இரண்டாகப் பிரித்து இருபுறமும் வீசும். ஒற்றைப் பாதைக்கான கலப்பைதான் இப்படி இரு பக்கமும் எறியும். இரட்டைப் பாதையில் இப்படி எறிந்தால் பக்கத்துத் தண்டவாளம் மூடிவிடும் அல்லவா? அதற்கென்று பனியை வெளிப்பக்கமாக மட்டும் தள்ளும் சாய்ந்த அலகு உண்டு. ஒரு தகட்டின் வளைவுக்குள் இவ்வளவு யோசனை இருக்கிறது. அதை விரல் நுனியால் தடவிப் பார்த்துப் புரிந்துகொள்ளும் சுகத்தைப் படத்தில் பார்ப்பது தருவதில்லை.

கிட் கட்டுவதில் நான் கண்ட பெரிய பாக்கியம் இதுதான். ஒவ்வொரு பாகத்தையும் ஒட்டும்போது 'இது ஏன் இங்கே இருக்கிறது?' என்று கேட்கத் தோன்றும். பதில் தேடினால் ஒரு முழு நாட்டின் குளிர்காலம் கண்முன் விரியும். கூரைக்கு மேல் அந்தக் கூண்டு எதற்கு? தள்ளும் எஞ்சின் ஓட்டுநருக்கு முன்னால் எதுவும் தெரியாது. கலப்பை எறியும் பனியே அவர் கண்ணை மறைக்கும். அதனால் கூண்டில் உட்கார்ந்திருப்பவர்தான் கண். விசில் அல்லது மணி ஒலியால் அவர் சொல்ல, பின்னால் இருப்பவர் ஓட்டுவார். பக்கவாட்டில் மடங்கிக் கிடக்கும் இறக்கைகள் எதற்கு? வெட்டிய பள்ளத்தை இன்னும் அகலமாக்க, காற்றழுத்தத்தில் அவை விரியும். பாலமோ சுரங்கமோ வந்தால் மடங்கிக்கொள்ளும்.

இவற்றை எல்லாம் நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் தெருப் பெரியப்பா ஒருவர் பார்த்ததுமே கண்டுபிடித்தார். மீட்டர்கேஜ் காலத்தில் கீமேனாகப் பாதை பார்த்தவர். ஒட்டிக் காயவைத்திருந்த வண்டியை எடுத்துத் திருப்பினார்.

"என்னடே இது, எஞ்சின் மூஞ்சியா?"

"எஞ்சின் இல்ல பெரியப்பா. பனிய ஒதுக்குற வண்டி. எஞ்சின் பின்னால நின்னு தள்ளும்."

அடியில் இருந்த சின்ன அலகை நகத்தால் தொட்டார். "இது ரெண்டு ரெயிலுக்கும் நடுவுல இறங்குமோ?"

"ஆமா. சக்கர விளிம்பு ஓடுற இடத்துல பனி இறுகிக் கிடக்கும்லா, அதச் சுரண்டி எடுக்க."

"அப்போ கேட்டு வந்தா தூக்கணும்லா. பாயிண்டுலயும் தூக்கணும். இல்லைன்னா அம்புட்டையும் பேத்துப் போட்டுரும்."

நான் அசந்துவிட்டேன். அந்த அலகின் சூட்சுமமே அதுதான். லெவல் கிராசிங்கிலும் பாயிண்டிலும் தண்டவாளங்களுக்கு இடையே வேறு இரும்பு கிடக்கும்; அங்கே அலகைத் தூக்காவிட்டால் வண்டி தடம்புரளும். "பனி மூடிக் கெடந்தா கேட்டு வருதுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?" என்று அடுத்த கேள்வியையும் அவரே கேட்டார். பாதையோரக் கம்பத்தில் அதற்கென்று அடையாளப் பலகை வைத்திருப்பார்கள் என்றேன். "நம்ம விசில் போர்டு மாதிரி," என்று தலையாட்டிக்கொண்டார். பனியையே காணாத ஒரு பாதைக்காரர் கனடாவின் பாதைக்காரரோடு ஒரே பாஷையில் பேசியதை அன்று என் திண்ணையில் கேட்டேன்.

இனி, கட்டுவதைச் சொல்கிறேன். இது எங்கள் வெயிலோடு சேர்ந்து செய்யும் வேலை. பிளாஸ்டிக்கை ஒட்டும் திரவப் பசை பிளாஸ்டிக்கை லேசாகக் கரைத்து ஒன்றாக்குவது. இரண்டு பாகங்களைச் சேர்த்துப் பிடித்து, இடுக்கில் தூரிகை நுனியால் ஒரு சொட்டு தொட்டால் போதும். அதுவே இடுக்கு நெடுக ஓடிப் பரவிவிடும். எங்கள் ஊர் வெக்கையில் அது கண் இமைப்பதற்குள் ஆவியாகிவிடும் என்பதால், ஒட்டும் வேலையை எல்லாம் விடிகாலைக்கு வைத்துக்கொண்டேன். சட்டத்திலிருந்து பாகத்தை வெட்ட ஒரு கூரிய கட்டர். வெட்டிய தழும்பைத் தேய்க்க நைஸ் உப்புத்தாள். ஒட்டியது காயும்வரை பிடித்திருக்கத் துணிக் கிளிப். சுவரும் கூரையும் கோடு தெரியாமல் சேர்ந்து ஓருடலாகும் அந்தக் கணத்தின் ஆனந்தத்தை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

பெயின்ட் அடிக்க நாள் பார்க்க வேண்டும். செங்கோட்டைக் கணவாய் வழியே இறங்கும் ஆடிக்காற்று எங்கள் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் வேகத்தில் கரிசல் தூசியையும் வீடு வீடாகக் கொண்டுவந்து கொட்டும். அதனால் சங்கரன்கோவில் ஆடித்தபசு முடிந்து, காற்று அடங்கிய பிறகுதான் ஸ்பிரேயைத் தொட்டேன். முதலில் சாம்பல் பிரைமர், மேலே செங்காவி. முன்னலகின் வளைவில் அந்த நிறம் சீராகப் படிந்து, வெளிச்சம் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு வழுக்கிப்போனது. வீட்டில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

அதற்கு மேல்தான் எங்கள் மண் வந்தது. பனிக்கலப்பை ஆண்டின் பெரும்பகுதியை ஏதாவது ஒரு ஓரத் தண்டவாளத்தில் சும்மா நின்று துருவேறிக் கழிக்கிறது. அந்தத் துருவைக் காட்டச் செங்கல்பொடியையும் செம்மண்ணையும் மெல்லிய துணியில் சலித்து, மென்தூரிகையால் மூலைகளில் தட்டினேன். அடிச்சட்டத்துக்குக் கரிசல். மேலே மங்கலான வார்னிஷ். பனிக்கென்று எங்கும் தேட வேண்டியிருக்கவில்லை. அம்மாவின் கோலமாவு டப்பா இருந்தது. நீர்த்த ஃபெவிகாலைத் தடவி அதன்மேல் கோலமாவைத் தூவினால், இறக்கை மடிப்பிலும் படிக்கட்டிலும் அப்பிய பனி தத்ரூபமாக வந்துவிடுகிறது.

எடையைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். நிஜக் கலப்பைக்குள் பாரம் ஏற்றிவைப்பார்கள். இறுகிய பனியில் மோதும்போது லேசான வண்டியானால் பனிமேல் ஏறித் தடம்புரண்டுவிடும். மாதிரியிலும் இதே கதைதான். எச்ஓ வண்டிகளுக்கு அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ ஒரு கணக்கு வைத்திருக்கிறது: ஒரு அவுன்ஸ், அதோடு நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். ஆறு அங்குல வண்டிக்கு நான்கு அவுன்ஸ், சுமார் 113 கிராம். தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டுகள் இதற்கு வெகு பொருத்தம்.

அந்தக் கணக்கு சரிதானா என்று தங்கச்சி பிள்ளைகளோடு சேர்ந்து சோதித்தோம். தண்டவாளத்தில் ரவையைக் கொட்டிக் குவித்தோம். ஈயம் இல்லாமல் தள்ளியபோது கலப்பை ரவைமேல் ஏறி மூக்கைத் தூக்கியது. ஈயத்தை வைத்துத் தள்ளினோம். ஆகா! கூர்முகட்டில் ரவை இரண்டாகப் பிரிந்து, தகட்டின் வளைவில் ஏறி, இருபுறமும் சரிந்து விழ, நடுவே பளிச்சென்று தண்டவாளம் தெரிந்தது. பொம்மை அளவிலும் அந்த வளைவு தன் வேலையைச் செய்கிறது! பிள்ளைகள் "மாமா, இன்னொரு தடவை!" என்று விடவே இல்லை. எனக்கும் நிறுத்த மனமில்லை.

ஒரு கலப்பையைக் கட்டினால் அதன் சொந்தபந்தங்களையும் தேடிப்போக வைக்கும். ஆப்பு வடிவக் கலப்பையால் ஆகாத ஆழப் பனிக்குச் சுழல்கலப்பை இருக்கிறது. முகப்பில் பெரிய சக்கரம் சுழன்று பனியை அறுத்துத் தூர வீசும். 1869-இல் இதை முதலில் யோசித்தவர் டொரான்டோவின் ஒரு பல் மருத்துவர், ஜே. டபிள்யூ. எலியட். 1880களில் கனடாவின் ஆரஞ்சு ஜல் அதை மேம்படுத்த, லெஸ்லி சகோதரர்கள் நிஜ வண்டியாகக் கட்டிக் காட்டினார்கள். சுவிட்சர்லாந்தின் பெர்னினா பாதைக்காக 1910-இல் கட்டிய நீராவிச் சுழல்கலப்பை இன்னும் ஒருபடி மேல்: அதே நீராவியால் சக்கரத்தையும் சுழற்றித் தானாகவும் நகரும். 2,253 மீட்டர் உயரத்துக்கு ஏறும் அந்தப் பெர்னினா பாதை மீட்டர்கேஜ். எங்கள் விருதுநகர்–தென்காசி பாதையும் 2004-இல் அகலப்பாதை ஆகும்வரை அதே மீட்டர்கேஜ்தான். எங்கள் தாத்தாக்கள் ஏறிய ரயிலும் ஆல்ப்ஸ் பனியை அறுத்த அந்த வண்டியும் நின்றது ஒரே அகலத்தின்மேல்.

எல்லாவற்றையும்விட என்னைப் பரவசப்படுத்துவது நம் நாட்டுச் செய்தி. காஷ்மீர் பள்ளத்தாக்கில் டீசலில் ஓடிய டெமு ரயில்களின் முகப்பில் பனியை வெட்டி ஒதுக்கும் தடுப்பு பொருத்தியிருந்தார்கள். பனிகாலத்தில் பாதையைத் துப்புரவு செய்யப் பனி அகற்றும் ரயில் தனியாக ஓடுகிறது. பல ஆண்டுகள் அந்தப் பாதை பாரதத்தின் மற்ற ரயில்பாதைகளோடு சேராமல் தனித்தே கிடந்தது. 2013-இல் 11 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பீர் பஞ்சால் சுரங்கம் திறந்தது. 2025 ஜூன் 6 அன்று, ஆற்றுக்கு மேல் 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் செனாப் பாலத்தோடு கடைசித் துண்டும் சேர்ந்தது. கண்ணாடியில் பனி உறையாமல் சூடேற்றும் வசதியோடு கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் புறப்பட்டது. அன்றிலிருந்து, பொதிகை எக்ஸ்பிரஸ் சங்கரன்கோவிலில் மிதிக்கும் தண்டவாளமும் பாராமுல்லாவில் பனிக்கு அடியில் கிடக்கும் தண்டவாளமும் ஒரே இரும்பு வலைப்பின்னல். பனிக்கலப்பை எங்கள் பாதையின் மறுமுனையில் வேலை பார்க்கும் வண்டி. இதை உணர்ந்தபின் என் மேசையில் நிற்கும் செங்காவி வண்டி எங்கோ தூரதேசத்துப் பொருளாகத் தெரியவில்லை. நம் வீட்டுப் பிள்ளையாகவே தெரிகிறது.

அதனால் அடுத்து நான் கட்டப்போவது காஷ்மீர் டெமு. அதற்கு கிட் தேடி அலையப்போவதில்லை. பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, பனி ஒதுக்கும் முகப்போடு நானே செய்யப்போகிறேன். நம் அகலப்பாதையின் 1,676 மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் 19.3 மில்லிமீட்டர் வரும். கடையில் கிடைக்கும் எச்ஓ தண்டவாளமோ 16.5. அந்த இடைவெளியை எப்படிச் சமாளிப்பது என்று இப்போதே தாள் தாளாக வரைந்துகொண்டிருக்கிறேன்.

மாதிரி ரயிலில் ஆசை இருந்தும் தயங்கி நிற்பவர்களுக்கு என் சிபாரிசு ஒன்றே: பனிக்கலப்பையில் தொடங்குங்கள். மோட்டார் இல்லை, மின்கம்பி இல்லை, விளக்கு இல்லை. சேர்த்து ஒட்டும் கலையின் அத்தனை பாடமும் இருக்கிறது. புனேயில் பாவுசாகேப் ஜோஷி 1998-இல் திறந்த சிறுரயில் அருங்காட்சியகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால் உங்கள் தயக்கமும் போய்விடும். கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் வந்தால் பால்வண்ணநாதரைக் கும்பிட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கும் வாருங்கள். அரைக்கிலோ ரவை எப்போதும் தயாராக இருக்கும். நீங்களே கலப்பையைத் தள்ளி, பனி பிளப்பதைப் பார்க்கலாம்!