மஞ்சள் இசையும் மக்கள் செவியும்

பகலிலே மூத்த டெங்கின் ஆட்சி, இரவிலே இளைய டெங்கின் ஆட்சி என்றொரு பேச்சு 1980களிற் சீன மக்களிடையே வழங்கியது. மூத்தவர் அரசியல் தலைவர் டெங் சியாவோபிங். இளையவர் தாய்வானைச் சேர்ந்த பாடகி டெங் லிஜூன். வெளியுலகம் அவரைத் தெரேசா டெங் என்று அறியும். குடிப்பெயர் ஒன்றென்பதைத் தவிர இருவருக்கும் வேறு உறவில்லை. முப்பது ஆண்டுக் காலம் புரட்சிப் பாடல்களைக் கேட்டும் பாடியும் வளர்ந்த மக்கள், அப்புரட்சியிடம் தோற்றோடிய படையினன் ஒருவனின் மகள் பாடிய காதற் பாட்டைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டது ஏன்? இவ்வினாவை வேடிக்கையாகக் கருதி ஒதுக்கிவிடுவோர் உளர். ‘ஏகாதிபத்தியச் சதி’ என்று இரு சொல்லில் முடித்துவிடுவோரும் உளர். கலை மக்களுக்கே என்று கூறிவரும் நாம் இவ்விரு வழிகளாலும் தப்பிச் செல்லல் ஆகாது. மக்கள் விரும்பிக் கேட்டதொன்றை விளக்கமாட்டாத விமர்சனம் யாருக்குப் பயன்படும்?

1953ஆம் ஆண்டு ஜனவரி 29ஆந் திகதி தாய்வானின் யுன்லின் மாவட்டத்திலே அவர் பிறந்தார். தந்தை சீனப் பெருநிலத்தின் ஹெபெய் மாகாணத்தவர். தாய் ஷான்டோங் மாகாணத்தவர். 1949இல் கோமிந்தாங் அரசு தோல்வியுற்றுத் தீவுக்கு ஒதுங்கியபோது அதனோடு கடல் கடந்த பெருந்தொகையான படையினருள் தந்தையும் ஒருவர். ஐந்து பிள்ளைகளுள் லிஜூன் ஒருவரே பெண். படையினர் குடும்பங்களுக்கென அவசரம் அவசரமாக எழுப்பப்பட்ட குடியிருப்புகளிலே அவரது இளமை கழிந்தது. பல மாகாணத்தவரும் பல கிளைமொழியினரும் நெருங்கி வாழ்ந்த அவ்விடங்களில், பெருநிலத்தை மீட்போம் என்ற முழக்கம் ஆண்டுதோறும் அரசினால் எழுப்பப்பட்டது. ஆண்டுதோறும் அது பொய்த்தது. மீளமுடியாத ஊரின் நினைவு அங்கு வாழ்ந்த எளிய மனிதருக்கு உண்மையான துயரம். ஆள்வோருக்கோ அது அரசியல் முதல். அவருடைய குரல் இவ்விரண்டுக்கும் ஒருங்கே பணிசெய்தது என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

ஹொங்கொங்கில் 1963இல் வெளியாகிய, லியாங் ஷான்போ – சூ யிங்தாய் காதற் கதையைக் கூறும் திரைப்படம் தாய்வானைப் பித்துக்கொள்ளச் செய்தது. அப்படத்தின் பாட்டொன்றைப் பாடியே சிறுமி லிஜூன் வானொலிப் போட்டியிற் பரிசு பெற்றார். 1967இல், பதினான்கு வயதில், முதல் இசைத்தட்டு வந்தது, படிப்பு நின்றது. வசதி குறைந்த குடும்பத்துக்கு அவருடைய தொண்டை ஒரு வருவாய் வழியாயிற்று. 1974இல் யப்பானியச் சந்தையிற் புகுந்து அவ்வாண்டே புதுமுகப் பாடகருக்கான பரிசைப் பெற்றார். 1979இல் இந்தோனேசியக் கடவுச்சீட்டுடன் யப்பானுக்குட் சென்று அகப்பட்டு வெளியேற்றப்பட்டார். யப்பான் 1972இற் பீஜிங்கை அங்கீகரித்துத் தாய்ப்பேயுடனான உறவைத் துண்டித்துக்கொண்டிருந்தது. பாட்டு எல்லை கடந்தாலும் பாடுகிறவர் கடப்பதற்குச் சீட்டு வேண்டியிருந்தது.

இனி, அவர்மீது சாட்டப்பட்ட குற்றத்தை நோக்குவோம். ‘மஞ்சள் இசை’ என்பது அதன் பெயர். நமக்கு மஞ்சள் மங்கலத்தின் நிறம். ‘மஞ்சட் பத்திரிகை’ என்னுந் தொடரில் மட்டுமே அது இழிபொருள் பெறும். இன்றைய சீன மொழியிலோ அந்நிறம் ஆபாசத்தைக் குறிக்கும். இவ்வசைப் பெயரின் வரலாற்றை அறியாமல் டெங் லிஜூனின் வழக்கை விசாரிக்க முடியாது. அது அவர் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளின் முன்னரே தொடங்கிவிட்ட வழக்கு.

1920களில் ஷங்காயிலே லி ஜின்ஹுய் என்ற இசையாசிரியர் இருந்தார். பொதுமொழியைப் பரப்பும் நோக்குடன் சிறுவர்க்கான இசை நாடகங்களை ஆக்கியவர். சீனப் பொதுமொழிப் பாட்டு மொழி இயக்கத்தின் மடியிலே பிறந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். பின்னர் அவர் நாட்டார் மெட்டுகளை மேலை நடன இசையோடு இழைத்துக் காதற் பாட்டுகள் புனைந்தார். ‘ஒளிநிலா’ எனும் ஆடல் பாடற் குழுவை நடத்தினார். அக்குழுவிலே 1931இல் வயலின் வாசிக்கச் சேர்ந்த இளைஞர் நியே அர். யப்பானியப் படை மஞ்சூரியாவை விழுங்கிக்கொண்டிருந்த வேளையில், ‘கருந் தேவதை’ என்ற புனைபெயரில் தம் ஆசிரியரையே தாக்கி 1932இல் அவர் எழுதினார். குழுவை விட்டு வெளியேறினார். அவர் 1935இல் இசையமைத்த ‘தொண்டர் படையணி’ப் பாட்டே இன்று மக்கள் சீனத்தின் தேசிய கீதம். அவ்வாண்டிலேயே தமது 23ஆம் வயதில் யப்பானிலே கடலில் மூழ்கி இறந்தார். அதே ஒளிநிலாக் குழுவிலிருந்துதான் சூ ஷுவான் என்ற ஏழைப் பெண்ணும் வந்தார்; ‘பொற்குரல்’ எனப் பெயர் பெற்றார். புரட்சிக் கீதமும் மஞ்சட் பாட்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

நியே அரின் சினம் நியாயமானது. நாடு தீப்பற்றி எரியும்போது எதைப் பாடுவது என்று அவர் கேட்டார். ஆனால் அவர் ஒரு காலத்திற்கெனக் கேட்ட வினா, பின்வந்தோர் கையில் எக்காலத்துக்குமான தீர்ப்பாக மாறிற்று. இதற்கு ஒரு பாட்டின் கதையே போதிய சான்று.

1937இல், திரைப்படமொன்றுக்காக, ‘நீ மீண்டும் வருவது எந்நாளோ’ என்ற கருத்துடைய பாட்டைச் சூ ஷுவான் பாடினார். மெட்டமைத்தவர் லியூ ஷுயே-ஆன். பிரிந்து செல்லும் ஒருவருக்கு மதுக்கிண்ணத்தை நீட்டும் பாட்டு. அதற்கு மேல் அதிலே எதுவுமில்லை. போர்க் காலத்தில் அது யப்பானிய மொழிக்கும் சென்றது. படையினரின் மனவுறுதியைக் கெடுக்கும் என்று யப்பானிய அதிகாரிகள் அஞ்சினர். சீனத் தேசபக்தர்களோ அதைப் பகைவனை வரவேற்கும் பாட்டென ஐயுற்றனர். பிற்காலத்திற் கோமிந்தாங் ஆட்சியும் அதனைத் தடைசெய்தது. ஒன்றையொன்று கொல்ல நின்ற மூன்று தரப்புகளும் ஒருமனதாக வெறுத்த பாட்டு இதைப்போல் வேறுண்டோ என்பது ஐயமே! இதே லியூ ஷுயே-ஆன் அதே 1937இல் ஆக்கியதுதான் ‘நெடுஞ்சுவர்ப் பாட்டு’; வீடிழந்த வடகிழக்கு மக்களின் துயரத்தைச் சொல்லி நாடு முழுவதையும் போருக்கு எழுப்பிய பாடல்களுள் ஒன்று. அதனை எழுதிய கைக்கு மன்னிப்புக் கிடைக்கவில்லை. 1957இல் அவர் வலதுசாரி எனப் பழி சூட்டப்பட்டார்; இருபது ஆண்டுகளுக்கு மேல் அதனைச் சுமந்தார். ஒருவன் ஒரே ஆண்டில் நாட்டுக்காகவும் அழலாம், காதலுக்காகவும் அழலாம் என்பதை ஒப்புக்கொள்ள நம்மவர்க்கு இயலாமற் போனது.

இப்பாட்டையே டெங் லிஜூன் மீண்டும் பாடினார். 1970களின் இறுதியில் ஹொங்கொங் வழியாகக் களவாக வந்த ஒலிநாடாக்களில் அது குவாங்டோங் மாகாணத்துக் கரையேறியது; பிரதிக்குப் பிரதி எடுக்கப்பட்டு உள்நாடெங்கும் பரவியது. சிற்றலை வானொலியிலும் அவர் குரல் வந்தது. பகைநாட்டு வானொலி கேட்பது கலாசாரப் புரட்சிக் காலத்திற் பெருங்குற்றம் என்பதைக் கருதுமிடத்து, அப்பாட்டைக் கேட்டோரின் துணிவு விளங்கும்.

அவர்கள் கேட்டதென்ன? புரட்சிக் காலப் பாட்டின் இயல்பைச் சீன இசைவாணர்களே நான்கு சொற்களிற் பின்னர் கூறினர்: உயர்ந்தது, விரைந்தது, கடினமானது, ஓங்கி ஒலிப்பது. ஆயிரம்பேர் கூடிய திடலுக்கான பாட்டு அது. திடலுக்கு அது வேண்டியதே. டெங் லிஜூனோ ஒலிவாங்கியின் அருகில் நின்று, மூச்சும் கேட்குமாறு, ஒருவர் காதில் ஒருவர் சொல்வதுபோற் பாடினார். தமது தலைமுறை அதுவரை கேட்டவை ‘நாம்’ என்ற சொல்லின் பாடல்கள். அவருடைய பாட்டிலேதான் ‘நான்’ என்ற சொல் வந்தது என்று திரைப்பட நெறியாளர் ஜியா சாங்கே கூறியிருக்கிறார். சரியான கணிப்பு. 1977இல் அவர் பாடிப் புகழ்பெற்ற, நிலவை நெஞ்சத்துக்குச் சாட்சியாக்கும் பாட்டு, உன் காதல் எவ்வளவு என்று கேட்கும் ஒருவருக்கு மறுமொழி சொல்வது. பத்தாண்டுக் காலம் தன் அயலவனையும் சில வேளை தன் பெற்றோரையும் பகிரங்கமாகக் கண்டிக்குமாறு வற்புறுத்தப்பட்ட மனிதனுக்கு இவ்வளவு சிறிய பேச்சு எத்துணைப் பெரிதாகத் தோன்றியிருக்கும்!

விமர்சகர்கள் இவ்விடத்தில் என்ன செய்தனர்? 1979ஆம் ஆண்டின் முடிவிற் பெருநிலப் பாடகி லி குயி, தொலைக்காட்சிப் படமொன்றுக்காக ஊர்நினைவுப் பாட்டொன்றை மூச்சுக் கலந்த மென்குரலிற் பாடினார். உடனே கண்டனம் எழுந்தது. 1982இல் மக்கள் இசைப் பதிப்பகம் மஞ்சட் பாட்டை இனங்காண்பது எப்படி என்று கற்பிக்கும் கைந்நூலொன்றையே வெளியிட்டது. பாட்டின் பொருளை விட்டுக் குரலின் மூச்சையும் தாளத்தின் அசைவையும் குற்றத்தின் தடயங்களாகக் கொள்ளும் போக்கு அக்காலக் கண்டனங்களில் மலிந்திருந்தது. மெலிந்த குரல் மெலிந்த ஒழுக்கத்துக்குச் சான்றாம்! இது மார்க்சியமன்று, நாடி பார்க்கும் வைத்தியமுமன்று. 1983 பெப்ரவரியிற் சீன மத்திய தொலைக்காட்சியின் வசந்த விழா நிகழ்ச்சியிலே, மக்கள் தொலைபேசியில் மீண்டும் மீண்டும் வேண்டியதால் லி குயி அப்பாட்டைப் பாட நேர்ந்தது. அவ்வாண்டின் இறுதியில் ‘ஆன்மிக மாசு’க்கு எதிரான இயக்கம் தொடங்கி, சில மாதங்களில் ஓய்ந்தது. ஒலிநாடாக்கள் ஓயவில்லை.

இவ்வளவும் கூறியபின், டெங் லிஜூன் அரசியலுக்கு அப்பாற்பட்ட தூய கலைஞர் என்று முடிவு கட்டுவோரோடும் நாம் உடன்படுவதற்கில்லை. சீனக் கரையை ஒட்டிய கின்மென் தீவு, 1958 ஆகஸ்டிற் குவெமோய் என்ற பெயரில் உலகச் செய்தியானது. அங்கே 1967இல் 48 ஒலிபெருக்கிகள் பதித்த சுவரொன்றைத் தாய்வான் படை எழுப்பியது. எதிர்க்கரையை நோக்கி அச்சுவர் வீசியவற்றுள் டெங் லிஜூனின் குரலும் ஒன்று. படைமுகாம்களிற் பாடுவதை அவர் விருப்பத்துடன் செய்தார். ‘படையினரின் காதலி’ என்று அழைக்கப்பட்டார். அவரை அனுப்பிய அரசு யாது? 1949 முதல் 1987 வரை 38 ஆண்டுகள் இராணுவச் சட்டத்தின் கீழ் நாட்டை வைத்திருந்த அரசு. பாட்டுகளைத் தடை செய்வதில் அதுவும் சளைத்ததன்று. தடைசெய்யப்பட்ட பாட்டைப் பாடியதற்காக யாவ் சுரோங் என்ற பாடகி 1969இல் மேடையிலிருந்து கொண்டுசெல்லப்பட்டார். தன் மக்களுக்குக் காதற் பாட்டை அளந்து கொடுத்த அரசே மறுகரைக்கு அதனை வாரி வழங்கியது.

ஆயினும் அவருடைய பாடல்கள் மீது வைக்கத்தக்க உண்மையான கண்டனம் வேறிடத்தில் இருக்கிறது. மஞ்சள் தேடியோர் அதனைக் காணவில்லை. 1984, 1985, 1986 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் யப்பானியக் கம்பிவழி ஒலிபரப்பின் முதற் பரிசைத் தொடர்ந்து அவர் வென்றார். மதுக்கடைகளிலும் உணவகங்களிலும் விருப்பப் பாடலாகக் கேட்கப்படுபவற்றுக்குரிய பரிசு அது. அம்மூன்றில் ஒன்றின் தலைப்பே ‘ஆசைநாயகி’. பிறளொருத்திக்கு உரியவனை எதுவும் வேண்டாது காத்திருத்தலே இன்பம் என்னும் பெண். காலத்தின் ஓட்டத்தில் தன்னை ஒப்புவித்துவிடும் பெண். களைத்த ஆண்களின் மாலைப் பொழுதுக்காகச் சந்தை வார்த்தெடுத்த பெண் இவள். குரலின் நேர்த்தி இப்பொய்யை இன்னும் இனிதாக்குகிறது என்பதே குற்றம். குரல் மென்மையானது என்பதன்று.

அவருடைய சிறந்த படைப்பு எதுவென்று கேட்டால், 1983இல் வந்த, பழஞ் செய்யுள்கள் பன்னிரண்டுக்கு இசையமைத்த தட்டையே சொல்வேன். வாத்தியச் சோடனை சிலவிடங்களில் மிகைதான். ஆனால் தென் தாங் அரசின் இறுதி மன்னனும், நாடிழந்து சிறைப்பட்ட கவிஞனுமாகிய லி யூவின் பாடல்களை அவர் பாடும்போது, படைக் குடியிருப்பின் மகளுக்கு அவை ஏட்டுச் சுவடிகளல்ல என்பது புலப்படுகிறது. ஆயிரமாண்டுப் பழமையான செய்யுளை எழுதப் படிக்கத் தெரியாதவரும் முணுமுணுக்கச் செய்தது சிறிய காரியமன்று. தரத்தை உயர்த்துதல், பரவலாக்குதல் என்று யெனானில் 1942இல் பேசப்பட்ட இரண்டும் ஓரளவு கைகூடிய இடம் இது. எதிர்முகாமின் பாடகியிடம் அது கைகூடியதே என்று வருந்துவோர் வருந்தட்டும்.

பெருநிலத்தில் அவர் ஒருபோதும் பாடவில்லை. 1989 மே 20இற் பீஜிங்கில் இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. ஒரு கிழமை கழித்து, மே 27இல், ஹொங்கொங் குதிரைப் பந்தயத் திடலிற் கூடிய பெருங்கூட்டத்தின் முன் இராணுவ ஆட்சியை எதிர்க்கும் வாசகத்தைக் கழுத்திற் தொங்கவிட்டு, மலைக்கப்பால் உள்ள வீட்டைப் பற்றிய பாட்டொன்றைப் பாடினார். தாய்வானின் இராணுவச் சட்டத்துக்கெதிராக அவர் அங்ஙனம் நின்றதில்லை என்பதும் உண்மை. அன்று அவர் கண்ணில் வந்த நீர் நடிப்பன்று என்பதும் உண்மை. அதன் பின்னர் பாரிஸில் வாழ்ந்தார். 1995 மே 8ஆந் திகதி தாய்லாந்தின் சியாங் மாய் நகரத்து விடுதியொன்றில் ஈளை நோயினால் 42ஆவது வயதில் இறந்தார். பேழைமீது அரசு தன் கொடியையும் கட்சிக் கொடியையும் போர்த்தியது.

அடுத்த ஆண்டு ஹொங்கொங் நெறியாளர் பீற்றர் சான் எடுத்த படமொன்று, அவர் 1979இற் பாடிய பாட்டின் பெயரையே தன் பெயராகக் கொண்டது; இந்தோனேசிய நாட்டார் மெட்டொன்றிலிருந்து பிறந்த பாட்டு அது. பெருநிலத்திலிருந்து ஹொங்கொங்குக்குப் பிழைக்க வந்த இரு இளையோர், புத்தாண்டுச் சந்தையிலே டெங் லிஜூனின் ஒலிநாடாக்களை விற்கக் கடைபோடுகின்றனர். சேமித்த பணமெல்லாம் அதிற் போடப்பட்டிருக்கிறது. சந்தையில் நிற்போரிற் பெருநிலத்தவர் பலர். அவரை விரும்பாதவர் அவர்களுட் சிலரே. ஆனால் அந்த நாடாவை வாங்கினால், தான் எல்லைக்கு அப்பாலிருந்து வந்த ஏழை என்பது அருகில் நிற்பவனுக்குத் தெரிந்துவிடும். மழை பெய்கிறது. நாடாக்கள் அப்படியே கிடக்கின்றன.